உள் வார்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது பரிமளம் மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பேசியது டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. அவள் புருசன் லெட்சுமணன். அவன்தான் அங்கே நோயாளி.

“பரிமளம், நாளைக்கு எனக்கு டிக்கட் வெட்டுறாங்க. வீட்டுக்கு வர்றேன். மொத பஸ்ஸப் புடிச்சு வந்துரு. வரும்போது அந்த நீலச் சட்டைய எடுத்துட்டு வா. தேர்த் திருவிழாவுக்குள்ள வந்துருவேன்னு கோயில் கமிட்டிக்கும் சொல்லிரு.”

“டிக்கட் வெட்டுறாங்கன்னு யாரு சொன்னா?”

“நாந்தான் சொல்றேனே. வார்டு போன்லதான் பேசுறேன். தாதி மிஸ் பக்கத்துலதான் நிக்கிறாங்க.”

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் சேதியை அந்த நோயாளியே போன் போட்டுச் சொல்லும் ஆஸ்பத்திரி உலகத்தில் வேறெங்காவது இருக்குமா என்று பரிமளத்துக்குத் தெரியாது. ஆனால் அந்த வார்டில் அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அங்கிருந்து போன் போடுகிறவன் லெட்சுமணன்தான். தன் வீட்டுக்கும் அவனே போட்டுவிட்டான். அவ்வளவுதான். போனை மடியில் செருகிக்கொண்டு, கூடையை இறக்கி வைத்து, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தேயிலைச் செடியைப் பார்த்து அவள் நன்றாக நாலு வார்த்தை திட்டினாள். பக்கத்து நிரையில் நின்ற பெண், தன்னைத்தான் சொல்கிறாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அவனை வைத்தது உள் வார்டில். மனநோய்ப் பிரிவில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிய பகுதி அது. நோய் தலைக்கு மேல் போனவர்களை முதலில் அங்கேதான் வைப்பார்கள். கட்டில்கள் கொஞ்சம், வருகிறவர்கள் அதிகம். தணிந்ததும் வெளி வார்டு, அங்கே சில நாள் இருந்து பிறகு வீடு என்பதுதான் முறை. வெளி வார்டில் இடமில்லை என்றால் நேரே வீடு. லெட்சுமணன் இரண்டு தடவையும் நேரே வீட்டுக்கு வந்தவன்.

வந்ததற்குக் காரணம் அவன் வாய். கலியாணத்துக்கு முன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் பல வருசம் நின்றவன். வேண்டாம் என்று எழுந்துபோன சிங்கள அம்மாமார்களை வாசலில் மடக்கித் திரும்ப உட்காரவைத்து, இரண்டு சேலை விற்று அனுப்பியவன். அவன் சிங்களம் பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர்கள் மாத்தறைச் சிங்களவன் என்று நினைப்பார்கள். பிறகு தோட்டத்துக்கு வந்து தேயிலைப் பெக்டரியில் வேலைக்குச் சேர்ந்தான். மாரியம்மன் திருவிழாவில் மைக் பிடிக்கிறவனும் அவன்தான். தமிழில் ஒரு தரம், பந்தோபஸ்துக்கு வந்த பொலிஸ்காரர்களுக்காகச் சிங்களத்தில் ஒரு தரம். அவன் மைக் பிடிக்காவிட்டால் தேர் நகராது என்று கமிட்டிக்காரர்கள் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

நோய் வந்தால் முதலில் தூக்கம் போகும். பிறகு பேச்சு பெருகும். பிறகு யோசனைகள். லிந்துலையிலிருந்து கதிர்காமத்துக்கு நேரே பஸ் விடலாம், லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஸ்டோபரிப் பழச் செடி போடலாம் என்று ஆரம்பித்து, ஒன்று முடிவதற்குள் இன்னொன்றுக்குத் தாவுவான். பரிமளத்துக்கு இதெல்லாம் தேவையில்லை, தேத்தண்ணிக் கோப்பை ஒன்று போதும். நன்றாக இருக்கும்போது லெட்சுமணன் தேத்தண்ணியை அடி மண்டி வரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பான். நோய் வந்தால் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். வீட்டில் அங்கங்கே பாதிக் கோப்பைகள் ஆறிக் கிடந்தால் நோய் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவன் உள் வார்டுக்குள் போய், ஊசி மருந்தில் நாலு நாள் தூங்கி எழுந்ததும், டொக்டர் முன்னால் கைகட்டி நின்று அழகான சிங்களத்தில் பேசுவான். நல்லா இருக்கேன், நல்லாத் தூங்குறேன், வீட்டு நெனப்பா இருக்கு. டொக்டர் என்ன செய்வார்? அடுத்த ஆள் வாசலில் நிற்கிறான். பக்கத்துக் கட்டிலில் ஆண்டியப்பன் என்று ஒரு கிழவர், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். சிங்களம் ஒரு எழுத்துத் தெரியாது. கேட்டால் பேசாமல் கூரையைப் பார்ப்பார். பேசாதது நோயின் குறி என்று அவரை மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். பேசத் தெரிந்தவனுக்கு ஒரு கிழமை, தெரியாதவனுக்கு ஒரு யுகம். எந்த நியாயத் தராசில் இதை நிறுப்பது என்று பரிமளம் பலமுறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் தடவை சீக்கிரமாக வந்தபோது, வந்த வாரத்திலேயே பாதிக் கோப்பைகள் தென்பட்டன. எப்படியோ மாத்திரையில் சமாளித்தாள். இரண்டாம் தடவை வந்தபோதுதான் அது நடந்தது.

விடியற்காலை, மழை தூறிக்கொண்டிருந்தது. காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக எழுந்தவள் பார்த்தால், அவனையும் காணோம், பிள்ளையையும் காணோம். ஹம்சினி, ஒரே மகள், ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற வயசு. “வா, அப்பா ஒனக்கு ஒண்ணு காட்டுறேன்” என்று தூக்கத்திலிருந்து எழுப்பி, நானுஓயாப் பக்கம் ரயில் ஓடும் கோச்சிப் பாதைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். கையைக் காட்டினால் கோச்சி தனக்காக நிற்கும் என்றிருக்கிறான். சத்தம் கேட்டதும் தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு, மகளின் கையையும் விடவில்லை. அந்தப் பிள்ளைதான் தன் பலம் எல்லாவற்றையும் சேர்த்து அவனை இழுத்துக்கொண்டு பக்கத்துச் சரிவில் விழுந்தாள். முழங்காலில் எலும்பு தெரிந்தது. கோச்சி நிற்கவில்லை.

அதைவிடக் கொடுமை அதற்குப் பிறகு நடந்தது. கேட்டவர்களிடமெல்லாம் லெட்சுமணன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “புள்ளதான் கோச்சி பாக்கணும்னு அடம் புடிச்சா.” அவன் சொன்னால் நம்பாதவர் யார்? பிறகு பள்ளிக்கூடம் போனபோது அங்கேயும் “இந்த வயசுல கோச்சி பாக்கப் போனியா” என்று கேலி செய்தார்கள். கோச்சிப் பாதைக்குப் போன அன்றே அவனைத் தோட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் பரிமளம். அங்கே எழுதிக் கொடுத்த துண்டில், தூக்கமில்லை, அதிகப் பேச்சு என்பதோடு சரி. மூன்றாம் தடவையாக உள் வார்டு. ஹம்சினி ஒரு நாளும் அப்பாவைப் பார்க்கப் போகவில்லை. போகச் சொல்ல பரிமளத்துக்கும் வாய் வரவில்லை.

போன கிழமை டொக்டர் பரிமளத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டில் ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டார். நல்ல மனிதர், கண்ணாடிக்குப் பின்னால் தூக்கம் பார்த்துப் பல நாள் ஆன கண்கள். தமிழில் அவருக்குத் தெரிந்தது “கொஞ்சம் கொஞ்சம்” என்ற இரண்டு சொல். தமிழ் தெரிந்த ஒரே தாதி பிரசவ லீவில் போயிருந்தாள். ஆகவே அவர் பக்கத்தில் திரும்பி, மொழிபெயர்க்க ஆளைக் கூப்பிட்டார். வந்து நின்றவன் லெட்சுமணன்.

சொல்லாமல் விட்டால் வினை என்று, பரிமளம் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கோச்சிப் பாதையைச் சொன்னாள், தண்டவாளத்தைச் சொன்னாள், பிள்ளையின் முழங்காலைச் சொன்னாள். லெட்சுமணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, டொக்டர் பக்கம் திரும்பி, புன்னகையோடு மொழிபெயர்த்தான். டொக்டரும் புன்னகை செய்தார்.

பரிமளத்துக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். ஆனால் ஹொந்தய் என்றால் நல்லது என்று லிந்துலைச் சந்தையில் தக்காளி வாங்கிய யாருக்கும் தெரியும். அவன் பேச்சில் ஹொந்தய் மூன்று தரம் வந்தது. கோச்சிக்குச் சிங்களத்திலும் கோச்சிதான். அந்தச் சொல்லைத் தோட்டத்து ஆட்கள் அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். கோச்சி ஒரு தரம் கூட வரவில்லை.

“சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

“எல்லாஞ் சொல்லிட்டேன். ரொம்ப நாள் பூட்டி வச்சாலும் ஆளு கெட்டுப் போயிரும், வீடுதான் நல்லதுங்கிறாரு டொக்டர்.”

அதை டொக்டர் சொன்னாரா, இவன் சொல்கிறானா? அதுவும் தெரியாது. அவள் பேச்சு டொக்டருக்குப் போவதும் இவன் வழி, டொக்டர் பேச்சு அவளுக்கு வருவதும் இவன் வழி. பூனையிடம் பாலைக் காவல் வைத்துவிட்டு, பால் எங்கே என்று பூனையையே விசாரிக்கிற கதைதான்.

அந்தக் கிழமை முழுக்க பரிமளம் வேறு ஆள் தேடினாள். தோட்டத்துச் சனங்களின் நலன் பார்க்கிற வெல்பெயார் மிஸ் வருகிறேன் என்றாள். வருகிற நாளில் அவளுக்கு நுவரெலியாவில் கூட்டம் வந்துவிட்டது. தோட்டத் தலைவர் உடனே சரி என்றார். அவர் சரி என்ற வேகத்தைப் பார்த்துப் பரிமளமே வேண்டாம் என்றுவிட்டாள். அவர் வெள்ளை வேட்டி கட்டி, கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அன்று பின்னேரமே மேல்லயம் கீழ்லயம் எல்லாவற்றுக்கும் கதை போய்விடும். லிந்துலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் கந்தப்பன் முதலாளிக்கு நல்ல சிங்களம் தெரியும். கடையைப் பூட்ட முடியாது என்றவர், கேட்காமலே ஒரு புத்தி சொன்னார்: “கண்டியில ஒரு சாமியாரு இருக்காரு, அவருகிட்ட ஒரு தரம் காட்டிப் பாரும்மா.” மருந்து விற்கிறவரே சாமியாரிடம் அனுப்பினால் அந்தக் கடை மருந்தை யார் வாங்குவது? எழுதிக் கொடுக்கலாம் என்றால், எழுதுகிறவனுக்கும் முதலில் சொல்லியாக வேண்டும். மிச்சம் இருந்தது ஹம்சினி. பள்ளியில் சிங்களம் படிக்கிறாள். அப்பா செய்ததை அப்பா முன்னால் நின்று சொல் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?

கடைசியில் வார்டுக்கே போன் போட்டு, வேறு யாராவது மொழிபெயர்க்க இருக்கிறார்களா என்று உடைந்த சிங்களத்தில் கேட்டாள். எடுத்த தாதி ஆச்சரியப்பட்டாள். வேறு ஆள் எதற்கு, உங்கள் வீட்டுக்கார மகத்தயா எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்றாள். பரிமளம் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நிலையில்தான் நாளைக்கு டிக்கட் வெட்டுகிறார்கள் என்ற போன்.

மறுநாள் காலை அவள் புறப்படும்போது ஹம்சினி பள்ளிச் சீருடையில் வாசலில் நின்றாள். “அப்பா இன்னைக்கு வந்துருவாரா?” என்று கேட்டாள். வர வேண்டும் என்றா, வந்துவிடக் கூடாது என்றா, அந்தக் குரலில் இரண்டும் இருந்தன.

“தெரியல பாப்பா. கதவப் பூட்டிட்டுப் போ.”

பஸ்ஸில் கமிட்டியிலிருந்து செல்லசாமி போன் பண்ணினார். “லெட்சுமணன் தேருக்கு வந்துருவான்ல? மைக் செட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு.” சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்தாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் பொறுமை இல்லை.

உள் வார்டின் கம்பிக் கதவைத் தாதி திறந்துவிட்டபோது, ஆண்டியப்பன் கட்டிலருகே டொக்டர் நின்றார். லெட்சுமணன் அவருக்குப் பக்கத்தில், சவரம் செய்த முகமும் வாரிய தலையுமாக, நோயாளி யார் டொக்டர் யார் என்று புதிதாக வந்தவன் தடுமாறும்படி நின்றான். கட்டிலில் அவனுடைய துணிப்பை மூட்டை கட்டித் தயாராக இருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. பரிமளம் நேரே போய் எட்டிப் பார்த்தாள். பாதி இருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது.

இவன் இன்னும் ஆறவில்லை.

ஆண்டியப்பன் அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை காலம் கூரையைப் பார்த்தவர், லெட்சுமணன் வந்தபின் பேச ஆரம்பித்திருந்தார். பேசியதெல்லாம் வசவு. “இந்தக் கண்ணாடிக்காரன் குடுக்குற மாத்திரையில என் நாக்கு மரக்கட்டையாப் போச்சு. இவன் திங்கிறானா இத? இவன் வீட்டு நாயிக்குக் குடுப்பானா?” லெட்சுமணன் அதைச் சிங்களத்தில் சொன்னான். நாய்க்கான சிங்களச் சொல் பரிமளத்துக்குத் தெரியும். அது அப்படியே வந்தது. டொக்டர் கோபிக்கவில்லை. கிழவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், தாதியிடம் ஏதோ மாற்றச் சொன்னார்.

டொக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த இடைவெளியில் பரிமளம் புருசனிடம் கேட்டாள். “நாயின்னெல்லாம் ஏங்க அப்படியே சொன்னீங்க? கொஞ்சம் மாத்திச் சொல்லக் கூடாதா?”

லெட்சுமணன் முகம் இறுகியது. “என்ன பேசுற நீ? அடுத்தவன் சொல்ல நான் மாத்துனா அவன் பாடு என்ன ஆகுறது? நாக்கு மரத்துப்போச்சுன்னு அவரு சொன்னாரு, அதுனாலதான் இப்ப மருந்த மாத்துறாங்க. நான் ஒரு சொல்லு கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். இங்க எல்லாத்துக்கும் அது தெரியும்.”

“அப்ப நான் சொன்னத?”

“அது நம்ம வீட்டு வெசயம்” என்றான் அவன், வெகு சாதாரணமாக.

பரிமளத்துக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருண்டது. பொய் சொல்கிறான் என்றுகூட அவனைச் சொல்ல முடியாது. அவன் கணக்கில் அது நியாயம். ஊரான் சொல்லைப் பொன்னாக எடை போட்டுக் கொடுப்பான், பெண்டாட்டி சொல்லை வாய்க்குள்ளேயே விழுங்குவான். இவனோடு இனி என்ன வழக்காடுவது?

டொக்டர் வந்துவிட்டார். கையில் லெட்சுமணனின் டிக்கட், நோய் விவரம் எழுதிய அட்டை, இருந்தது. ஏதோ கேட்டார்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சம்மதமான்னு கேக்குறாரு” என்றான் லெட்சுமணன்.

யோசித்துச் செய்த காரியம் என்று பிறகு சிலர் அவளை மெச்சினார்கள். யோசனையாவது மண்ணாவது. வேறு வழி எல்லாம் அடைத்துப்போன எரிச்சலில் வாயில் வந்தது அது.

“டொக்டர்கிட்டச் சொல்லுங்க. நம்ம வீட்டு வெசயம் பேச வரல. எங்க லயத்துல ஒரு மனுசன் இருக்காரு. அவரப் பத்தி ஒரு யோசன கேக்கணும்.”

லெட்சுமணன் முகம் மலர்ந்தது. யாருக்கோ உதவி. சுறுசுறுப்பாகச் சொன்னான். டொக்டர் மணியைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார்.

“அந்த மனுசனுக்குத் தூக்கம் கெட்டுப்போற சீக்கு. ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில வச்சாங்க. ரெண்டு தரமும் அவரு நல்லாப் பேசுனாரு. நல்லாப் பேசுறாரேன்னு சீக்கிரமா விட்டுட்டாங்க.”

அவன் பாதி வரை சொன்னான். பிறகு குரல் இறங்கியது. திரும்பி அவளைப் பார்த்தான்.

“பரிமளம், இது என்ன கத?”

“அடுத்தவங்க கதைங்க. ஒரு சொல்லு கொறைக்க மாட்டேன்னு இப்பத்தான் சொன்னீங்க.”

டொக்டர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தாதி மருந்துத் தட்டோடு நின்றுவிட்டாள். அப்போது கட்டிலிலிருந்து ஆண்டியப்பன், மரத்த நாக்கைப் புரட்டிக்கொண்டு சொன்னார்: “சொல்லுப்பா. எனக்கெல்லாம் சொன்னியே.”

லெட்சுமணன் மிச்சத்தைச் சொல்லி முடித்தான்.

பரிமளம் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். “ரெண்டாந்தரம் வந்தப்ப, விடியக் காலையில மகளக் கூட்டிட்டுக் கோச்சிப் பாதைக்குப் போனாரு.”

அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டொக்டர் குனிந்து மறுபடி கேட்டார். இந்தத் தடவை கேட்டது. கோச்சி.

“கையக் காட்டுனா நிக்கும்னு கோச்சிக்கு முன்னால போயி நின்னாரு. மக கைய விடல.”

கோச்சி. அதற்குப் பின்னால் துவ என்ற சொல்லும் வந்தது. அது மகள். டொக்டரின் கையிலிருந்த பேனை நின்றது.

“புள்ளதான் அவர இழுத்துப் போட்டுக் காப்பாத்துனா. அவ கேட்டுப் போகல. அவருதான் கூட்டிட்டுப் போனாரு. ஆனா கோச்சி பாக்கணும்னு புள்ளதான் அடம் புடிச்சான்னு ஊரு முழுக்கச் சொன்னாரு. புள்ள அதுக்கப்புறம் அவர வந்து பாக்கல.”

இதற்குத்தான் அவன் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். இடையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். புடவைக்கடைச் சிங்களம், மைக் பிடிக்கிற சிங்களம் எல்லாம் எங்கோ போய்விட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். மூன்றாம் தரம் கோச்சி வந்தது. துவ இரண்டு தரம் வந்தது. ஹொந்தய் வரவே இல்லை.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனுசன் யார் என்று கேட்டார். அதைப் புரிந்துகொள்ளப் பரிமளத்தின் சந்தைச் சிங்களம் போதும்.

லெட்சுமணன் தன் நெஞ்சில் கை வைத்தான்.

டொக்டர் தாதியிடம் இரண்டு வார்த்தை சொன்னார். தாதி கட்டிலில் இருந்த மூட்டையை அவிழ்த்து, அவன் இடுப்பில் கட்டும் சாரத்தை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

டொக்டர் அவளிடம் நீளமாக ஏதோ பேசினார். லெட்சுமணன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“இப்ப அனுப்ப மாட்டாராம். மருந்து சரியாப் புடிச்சு, அப்புறம் வெளி வார்டுல வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவாராம். இங்க சும்மா நாளக் கடத்துனாலும் நல்லதில்லையாம், அரகொறையா அனுப்புனாலும் நல்லதில்லையாம். அப்புறம், கோச்சி வெசயத்த நீ ஏன் மொதல்லயே சொல்லலன்னு கேக்குறாரு.”

“நான் போன கெழமையே சொன்னேன்னு சொல்லுங்க.”

அவன் சொன்னான். அவள் சொன்னதைவிட நீளமாகச் சொன்னான்.

“என்ன சொன்னீங்க? கூட்ட மாட்டேன்னீங்களே.”

“நீ சொன்ன, நாந்தான் முழுங்கிட்டேன்னு சொன்னேன்.” டொக்டர் சொன்ன மிச்சத்தையும் சொன்னான். “இனிமே என் வெசயம் பேச என்ன வைக்க மாட்டாராம். தமிழ் தெரிஞ்ச ஆளு வேற எங்கயாச்சும் இருந்து கூப்புட்டுத் தர்றேங்கிறாரு. முன்னமே செஞ்சிருக்கணும், மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாரு.”

இதைக் கேட்டு பரிமளத்துக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. இத்தனை நாளாக முட்டிய சுவரில் கதவு இருந்திருக்கிறது. திறக்கச் சொல்வதற்கும் இவன்தான் வேண்டியிருந்தது.

மற்ற நாட்களில் அவள் கிளம்பும்போது லெட்சுமணன் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கூட்டிட்டுப் போ பரிமளம், கூட்டிட்டுப் போ என்று படிக்கட்டு வரை கேட்கக் கத்துவான். இன்றைக்கும் கதவு வரை வந்தான். அவள் வெளியே நின்றாள், அவன் உள்ளே.

“ஒரு சொல்லு விட்டேனா?” என்று கேட்டான்.

“விடல.”

“நீலச் சட்டைய கொண்டு போயிரு. மைக்க செல்லசாமி மகனுக்குக் குடுக்கச் சொல்லு. அவன் பேசுனா ஒரு மண்ணும் வெளங்காது. பரவால்ல.” திரும்பி ஜன்னல் விளிம்பைக் காட்டினான். “அந்தத் தேத்தண்ணி ஆறிப்போச்சு. இன்னும் குடிக்க முடியல பரிமளம். ஒக்காந்து குடிக்க முடியல.”

அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. இவ்வளவு காலமும் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். அவள் பதில் சொல்லுமுன், தாதி வருவதற்கும் காத்திராமல், லெட்சுமணன் கம்பிக் கதவைத் தானே இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே நடந்தான்.

வீட்டுக்கு வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. ஹம்சினி வாசலில் நின்று, அம்மாவுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். பாதையில் யாரும் இல்லை.

“அப்பா வரலயா?”

“வரல. இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும்னுட்டாங்க.”

“இந்தத் தடவ யாரு போய் டொக்டர்கிட்டச் சொன்னது?”

“ஒங்கப்பாதான்.”

பிள்ளை நம்பவில்லை. அடுப்படிக்குள் வந்து, அம்மா பையை இறக்கிவைக்கும் வரை பின்னாலேயே நின்றாள். “கோச்சிப் பாதையவுமா?”

“அதத்தான். மூணு தரம் சொன்னாரு. நீ கேட்டுப் போகல, அவருதான் ஒன்னக் கூட்டிட்டுப் போனாருன்னு சொன்னாரு. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.”

ஹம்சினி குனிந்து சீருடையின் ஓரத்தை முழங்காலுக்கு மேல் இழுத்தாள். தழும்பைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பரிமளம் தேத்தண்ணி போட்டு இரண்டு கோப்பையில் ஊற்றினாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழம நீ போறப்ப நானும் வர்றேம்மா” என்றாள் ஹம்சினி.